வீணாகும் வெப்பமும் கரி நுண்குழாய்களும்

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையில் புதுவாயல், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி வழியாகப் பயணம் செய்வோர் இரும்புக் கம்பி ஏற்றிய லாரிகளைக் காணாமல் இருக்க முடியாது. கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் பழைய இரும்பை உருக்கும் உலைகளும், உருக்கிய இரும்பைக் கம்பியாக உருட்டும் ரோலிங் மில்களும் பல உள்ளன. இரும்பை உருக்க ஏறத்தாழ 1,600 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். வார்த்த கட்டிகளை உருட்டும் பதத்திற்குக் கொண்டுவர மீண்டும் 1,100 டிகிரிக்கு மேல் சூடேற்ற வேண்டும். இவ்வளவு வெப்பமும் பின்னர் எங்கே போகிறது? ஒரு பகுதி புகைபோக்கி வழியே வானத்திற்கும், ஒரு பகுதி உலையைக் குளிர்விக்கும் நீருக்கும், ஒரு பகுதி உலைச் சுவர், குழாய், தகடு ஆகியவற்றின் மேற்பரப்பிலிருந்து சுற்றியுள்ள காற்றுக்கும் போய்விடுகிறது. உருட்டி முடித்த செங்கம்பி கூடத் தன் வெப்பத்தைக் கூடத்திலேயே விட்டுவிட்டுத்தான் லாரியில் ஏறுகிறது. அந்தக் கூடத்தில் நின்று வேலை செய்பவருக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டிய செய்தி அன்று.

வெப்பத்தைக் காசு கொடுத்து உண்டாக்குகிறோம். பிறகு அதை விரட்டவும் காசு கொடுக்கிறோம். வீணாகும் இந்த வெப்பத்தில் ஒரு பங்கையேனும், நீராவியும் சுழலியும் இல்லாமல், அசையும் உறுப்பு எதுவும் இல்லாமல், நேரடியாக மின்சாரமாக்க இயலுமா? இயலும். அது இருநூறு ஆண்டுகளாகத் தெரிந்த செய்தி. புதிய செய்தி என்னவென்றால், அவ்வேலையைச் செய்யப் பிளாஸ்டிக்கையும் கரியையும் கலந்து செய்த ஒரு பொருள் உருவாகி வருகிறது என்பதே. "பிளாஸ்டிக்கிலிருந்து மின்சாரம்" என்ற தலைப்பில் அவ்வப்போது செய்திகள் வெளிவருகின்றன. அவற்றில் எவ்வளவு நம்பலாம், எவ்வளவு தள்ளுபடி செய்யலாம் என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

இரு கம்பிகளும் ஒரு முள்ளும்

1821இல் பெர்லின் நகரில் தாமஸ் ஸீபெக் என்பவர் இருவேறு உலோகங்களை இரு முனைகளிலும் இணைத்து ஒரு வளையமாக்கினார். ஓர் இணைப்பைச் சூடாக்கினார். மற்றதைக் குளிர்ச்சியாக விட்டார். வளையத்தின் அருகே இருந்த காந்த ஊசி திரும்பியது. வெப்பம் காந்தத்தை உண்டாக்குகிறது என்று அவர் எண்ணினார். உண்மையில் வெப்பம் மின்னோட்டத்தை உண்டாக்கியது. மின்னோட்டம் ஊசியைத் திருப்பியது. எனினும் அவர் பெயரே இவ்விளைவுக்கு நிலைத்துவிட்டது.

மாணவர்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு முழ நீள இரும்புக் கம்பி ஒன்றும், மேலுறை உரித்த செம்புக் கம்பிகள் இரண்டும் போதும். இரும்புக் கம்பியின் ஒவ்வொரு முனையிலும் ஒரு செம்புக் கம்பியை இறுக முறுக்குங்கள். ஒரு முறுக்கைக் கொதிநீரிலும், மற்றதைப் பனிக்கட்டி இட்ட நீரிலும் வையுங்கள். செம்புக் கம்பிகளின் மறுமுனைகளை மல்டிமீட்டரில், மில்லிவோல்ட் அளக்கும் நிலையில் இணையுங்கள். ஏறத்தாழ 1.1 மில்லிவோல்ட் காட்டும். அதாவது ஒரு டிகிரி வேறுபாட்டிற்கு 11 மைக்ரோவோல்ட். மிகச் சிறிய அளவுதான். ஆனால் அடுப்பு அணையும் வரை அது ஓயாது. (கொதிநீரைக் கையாளும்போது பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும்.)

இது ஏன் நிகழ்கிறது? கடத்தியினுள் இருக்கும் எலெக்ட்ரான்களை ஒரு வாயுவைப் போல எண்ணிக்கொள்ளலாம். சூடான முனையில் உள்ளவை அதிக ஆற்றலோடு இருப்பதால் குளிர்ந்த முனையை நோக்கிப் பரவுகின்றன. அங்கே எதிர்மின்னூட்டம் சேர்கிறது. சேர்ந்த மின்னூட்டம் மேலும் வருவதைத் தடுத்து நிறுத்தும்போது ஒரு மின்னழுத்தம் நிலைபெறுகிறது. சில குறைகடத்திகளில் எலெக்ட்ரான்களுக்குப் பதிலாக, எலெக்ட்ரான் இல்லாத வெற்றிடங்களாகிய 'மின்துளைகள்' இவ்வாறு பரவும். அப்போது குளிர்ந்த முனை நேர்மின் முனையாகும். இவ்விரு வகைகளையும் மாற்றி மாற்றி இணைத்தால் சிறு சிறு மின்னழுத்தங்கள் ஒன்றோடொன்று கூடும்.

இத்தகைய மின்னாக்கிகள் வெறும் ஆய்வுக்கூட விளையாட்டு அல்ல. சோவியத் நாட்டில் ஐயோஃபே என்ற இயற்பியல் அறிஞரின் வழிகாட்டுதலால் வளர்ந்த இத்துறை, 1950களில் மண்ணெண்ணெய் விளக்கின் வெப்பத்தால் வானொலிப் பெட்டியை இயக்கும் கருவியைத் தந்தது. மின்கம்பி எட்டாத சிற்றூர்களில் விளக்கு வெளிச்சமும் தந்தது, செய்தியும் சொன்னது! 1977இல் புறப்பட்ட வாயேஜர் விண்கலங்கள் இரண்டும் புளுட்டோனியத்தின் வெப்பத்தை இவ்வாறே மின்சாரமாக்கி, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகவும் பூமிக்குச் செய்தி அனுப்பின.

மூன்று குணங்களின் சண்டை

அப்படியானால் நம் உலைச் சுவர்களில் ஏன் இன்னும் இதைக் காணோம்? ஒரு நல்ல வெப்பமின் பொருளுக்கு மூன்று குணங்கள் ஒருங்கே அமைய வேண்டும். ஒரு டிகிரிக்கு அது தரும் மின்னழுத்தம் மிகுதியாக இருக்க வேண்டும். மின்சாரத்தை நன்கு கடத்த வேண்டும். வெப்பத்தை மட்டும் கடத்தக் கூடாது. கடத்தினால் சூடான முனையும் குளிர்ந்த முனையும் விரைவில் ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடும். பிறகு மின்சாரம் ஏது?

இம்மூன்றையும் சேர்த்து ஒரு 'தகுதி எண்' கணிக்கிறார்கள். ஒரு டிகிரிக்குக் கிடைக்கும் மின்னழுத்தத்தை அதனாலேயே பெருக்கி, மின்கடத்து திறனாலும் தனி வெப்பநிலையாலும் பெருக்கி, வெப்பக் கடத்து திறனால் வகுத்தால் வருவதே தகுதி எண். அது 1 என்றால் நல்ல பொருள். 2ஐத் தாண்டினால் கொண்டாட்டம்தான்.

செம்பை எடுத்துக்கொள்ளுங்கள். மின்கடத்தலில் அதற்கு நிகர் வெள்ளி ஒன்றே. ஆனால் வெப்பத்தையும் அதே தாராளத்தோடு கடத்துகிறது. டிகிரிக்கு 2 மைக்ரோவோல்ட் கூடத் தருவதில்லை. அதன் தகுதி எண் ஒன்றில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே. கண்ணாடியோ வெப்பத்தைக் கடத்தாது, மின்சாரத்தையும் கடத்தாது. எலெக்ட்ரான்களைப் பெருக்கினால் மின்கடத்தல் கூடும், மின்னழுத்தம் இறங்கும். ஒன்றை இழுத்தால் மற்றொன்று நழுவும். இருநூறு ஆண்டுகளாக இத்துறையை அலைக்கழித்துவருவது இச்சண்டைதான்.

இச்சண்டையில் ஓரளவு சமாதானம் கண்ட பொருள் பிஸ்மத் டெல்லூரைடு. டிகிரிக்கு 200 மைக்ரோவோல்ட் அளவு தரும். அறை வெப்பநிலையில் அதன் தகுதி எண் 1ஐ ஒட்டி நிற்கும். கடைகளில் விற்கும் சிறு குளிர்பெட்டிகளில் இருப்பது இதுவே. (மின்சாரத்தைச் செலுத்தினால் ஒரு பக்கம் குளிரும், இது 1834இல் பெல்டியர் கண்ட எதிர்விளைவு.) இந்தியாவிலும் இத்துறையில் குறிப்பிடத்தக்க பணி நடந்துள்ளது. பெங்களூரில் உள்ள ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் கனிஷ்கா பிஸ்வாஸ் குழுவினர், காட்மியம் சிறிதளவு சேர்த்த வெள்ளி-ஆன்டிமனி-டெல்லூரைடில் 300 டிகிரி செல்சியஸ் அளவில் 2.6 என்ற தகுதி எண்ணை 2021இல் அறிவித்தனர். சென்னையில் ஐ.ஐ.டி. ஆய்வுப் பூங்காவில் அமைந்த ஏ.ஆர்.சி.ஐ. மையம் வாகனப் புகைக்குழாயின் வெப்பத்தைப் பயன்படுத்தும் பொருள்களை ஆராய்கிறது.

ஆனால் இவற்றில் டெல்லூரியம் இருக்கிறது. புவியின் மேலோட்டில் டெல்லூரியம் பொன்னைப் போலவே அரிய தனிமம். மேலும் இப்பொருள்கள் எளிதில் நொறுங்குபவை. உருண்டையான குழாயைச் சுற்றி வளைத்துக் கட்ட முடியாதவை. பிளாஸ்டிக்கின் மேல் கண் விழுந்தது இதனால்தான்.

கரி வந்த வழி

பிளாஸ்டிக்கோடு கரியைச் சேர்ப்பது இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகையில் மிஷெலின் நிறுவனத்தின் டயர் ஆலை உள்ளது. டயர் ஏன் கறுப்பாக இருக்கிறது? ரப்பர் என்ற பாலிமரோடு நுண்ணிய கரித்தூளைக் கலப்பதால். கரித்தூள் டயருக்கு உறுதி தருவதோடு ஓரளவு மின்கடத்தும் தன்மையையும் தருகிறது. தூள் குறைவாக இருக்கும்போது துகள்கள் தனித்தனித் தீவுகளாக நிற்கும். ரப்பர் மின்சாரத்தைத் தடுக்கும். ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும் துகளோடு துகள் தொட்டு, ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பாதை திறந்துகொள்ளும். மின்கடத்தல் திடீரென்று பல்லாயிரம் மடங்கு உயரும்.

உருண்டைத் துகளுக்குப் பதில் நீண்ட நூல் போன்ற கரி கிடைத்தால்? மிகச் சிறிதளவே போதும் அல்லவா? ஒரு கைப்பிடி நெல்லைத் தரையில் சிதறினால் மணிகள் தனித்தனியே கிடக்கும். அதே எடை வைக்கோலைச் சிதறினால் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து வலையாகிவிடும். அத்தகைய கரிநூல்தான் கார்பன் நுண்குழாய்.

பென்சில் கரியாகிய கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் தேன்கூட்டுத் தளங்களாக அடுக்கடுக்காக உள்ளன. தளத்தினுள் மின்சாரம் எளிதில் ஓடும். தளத்திற்குத் தளம் தாவுவது கடினம். இந்தப் பெரும் வேறுபாட்டை அளந்து 1939இல் வெளியிட்டவர்களில் ஒருவர் நம் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன் என்பதை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். அத்தகைய ஒரு தளத்தைப் பாய் போலச் சுருட்டி விளிம்புகளை ஒட்டினால் நுண்குழாய் ஆகும். ஜப்பானிய அறிஞர் சுமியோ ஈஜிமா 1991இல் இவற்றைத் தெளிவாக உலகுக்குக் காட்டினார். ஒற்றைச் சுவர்க் குழாயின் விட்டம் ஒன்றிரண்டு நானோமீட்டர். தலைமயிரின் தடிமனில் பல பதினாயிரத்தில் ஒரு பங்கு.

இரும்பு உருக்கும் வட்டாரத்தார் கேட்டு மகிழ ஒரு சிறு செய்தி. தென்னிந்தியாவிலிருந்து மேற்கே சென்ற 'ஊட்ஸ்' எஃகால் செய்யப்பட்ட டமாஸ்கஸ் வாள்கள் புகழ் பெற்றவை. உருக்கு என்ற நம் சொல்லே அவ்வாறு திரிந்ததென்பர். அத்தகைய பழைய வாள் ஒன்றைக் கரைத்து ஆராய்ந்த ஜெர்மானியக் குழு, அதில் கார்பன் நுண்குழாய்களைக் கண்டதாக 2006இல் அறிவித்தது. நம் கொல்லர்கள் நுண்குழாயை அறிந்தே செய்தார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. உலைக்கு அது தெரிந்திருந்தது, அவ்வளவே.

நுண்குழாயைப் பாலிமரோடு முதன்முதலில் கலந்து காட்டியவர்களுள் ஒருவரும் நம் பக்கத்து மாநிலத்தவரே. கேரளத்தின் கொடுங்கல்லூரில் பிறந்த புளிக்கல் அஜயன், தம் கூட்டாளிகளுடன் 1994இல் நுண்குழாய்களைப் பிசினில் கலந்து, மெல்லிய சீவல்களாகச் சீவிக் குழாய்கள் ஒரே திசையில் படிவதைக் காட்டினார். அப்போது அவர் மனத்தில் வெப்பமின்சாரம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் வழி திறந்தது.

மறுபக்கம், மின்சாரத்தைத் தடுப்பதே தொழிலாகக் கொண்ட பிளாஸ்டிக்கையே கடத்தியாக்கலாம் என்பதை ஷிரகாவா, மக்டயர்மிட், ஹீகர் ஆகிய மூவரும் 1977இல் காட்டினர். இதற்காக 2000ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. பாலிஅனிலீன், 'பெடாட்' முதலான கடத்தும் பாலிமர்கள் அவ்வழியில் வந்தவை.

ரயில் நிலையத்தில் ஒரு பயணி

இங்கே ஒரு முரண் எழுகிறது. தனி நுண்குழாய் ஒன்று செம்பைக் காட்டிலும் பல மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். வெப்பம் கடத்தாத பொருள் வேண்டும் என்று தேடிவந்து, வெப்பக் கடத்தலில் முதலிடம் பெற்ற பொருளையே கையில் எடுப்பதா?

விடை குழாயினுள் இல்லை. குழாயும் குழாயும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி நிலையத்தில் மின்ரயிலிலிருந்து இறங்கி வெளியே நிற்கும் பேருந்தில் ஏறும் பயணியை எண்ணிப் பாருங்கள். பயணி ரயிலிலிருந்து பேருந்துக்கு மாறிவிடுகிறார். ஆனால் ரயிலின் ஆட்டமும் அதிர்வும் பேருந்துக்கு மாறுவதில்லை. எலெக்ட்ரானும் மின்துளையும் பயணிகள்; கரிக்குழாயில் வெப்பம் பெரும்பாலும் அணுக்களின் அதிர்வாகவே பயணம் செய்கிறது. இரு குழாய்களுக்கு இடையே மெல்லிய பாலிமர்ப் படலம் இருந்தால், அணுக்கட்டமைப்பு முற்றிலும் வேறாக இருப்பதால் அதிர்வு அங்கே தேங்கிவிடும். பாலிமர் கடத்தும் வகையினதாக இருந்தால் மின்னூட்டம் மட்டும் கடந்துவிடும். சண்டையிட்ட குணங்களைப் பிரித்துவைக்க ஓர் இடம் கிடைத்துவிட்டது!

இதைத் தெளிவாகச் செய்து காட்டியவர்கள் அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தின் சூங்ஹோ யூ, ஜெய்ம் கிரன்லன் ஆகியோரின் குழுவினர். 2008இல் அவர்கள் பெயிண்டுக்குப் பயன்படும் பால்மம் போன்ற ஒரு பாலிமர்ப் பால்மத்தில் நுண்குழாய்களைக் கலந்தனர். பால்மத்தில் பாலிமர் சிறு உருண்டைகளாக மிதக்கும். உலரும்போது உருண்டைகள் நெருங்கி அமர, குழாய்கள் அவற்றின் இடுக்குகளில் மட்டுமே தங்கி வலையாகின்றன. வரப்பில் மட்டும் நடப்பவர் வயலைச் சுற்றிப் பாதை போடுவது போல! எடையில் ஐந்தில் ஒரு பங்கு குழாய் சேர்த்த கலவை மீட்டருக்கு 4,800 சீமன்ஸ் அளவு மின்சாரம் கடத்தியது. வெப்பத்தையோ சாதாரணப் பிளாஸ்டிக்கைப் போல மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 0.34 வாட்டே கடத்தியது. தகுதி எண் 0.006தான். ஆனால் மின்கடத்தல் ஏறும்போது வெப்பக் கடத்தல் உடன் ஏறவில்லை என்பதே அங்கு முக்கியம்.

அடுத்த படி 2010இல். குழாய்கள் நீரில் கட்டியாகாமல் பிரிந்து நிற்க ஒரு பிசின் தேவை. வேலம்பிசினுக்கு உறவான அரபுப் பிசினை இட்டால் அது குழாய்ச் சந்திப்பில் மின்தடையாக நிற்கிறது. அதற்குப் பதில் கடத்தும் பாலிமராகிய பெடாட் கலவையை இட்டபோது மின்கடத்தல் 40,000 சீமன்ஸ் வரை உயர்ந்தது. டிகிரிக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் பெரிதும் மாறவில்லை. வெப்பக் கடத்தலும் பிளாஸ்டிக்கின் அளவிலேயே நின்றது. தகுதி எண் 0.02 ஆயிற்று. பயணியை நனையவிடாமல் ரயிலிலிருந்து பேருந்துக்கு ஒரு நடைபாதைக் கூரை போட்டது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

2015இல் கிரன்லன் குழு வேறு வழியில் சென்றது. மெழுகுவர்த்தித் திரியை மெழுகில் மீண்டும் மீண்டும் முக்குவது போல, ஒரு தகட்டைப் பாலிஅனிலீன், கிராஃபீன், மறுபடி பாலிஅனிலீன், இரட்டைச் சுவர் நுண்குழாய் என்ற வரிசையில் திரவங்களில் மாற்றி மாற்றி முக்கி எடுத்தனர். பல சுற்றுகளுக்குப் பின்னும் படலம் ஒரு மைக்ரானை எட்டவில்லை. ஆனால் அது டிகிரிக்கு 130 மைக்ரோவோல்ட் தந்தது. மின்கடத்தல் மீட்டருக்கு 1,08,000 சீமன்ஸ். மின்னழுத்தமும் மின்கடத்தலும் மட்டும் சேர்ந்த 'திறன் காரணி'யில் இது பிஸ்மத் டெல்லூரைடில் ஏறக்குறையப் பாதியைத் தொட்டுவிட்டது. தட்டில் முக்கி எடுத்த கரியும் பிளாஸ்டிக்கும் இவ்வளவு தூரம் வரும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இத்தகைய எண்களைக் கேட்டதும் மகிழ்ச்சி பொங்குவது இயல்பு. ஒன்றைக் கவனிக்க வேண்டும். திறன் காரணி தகுதி எண் ஆகாது. வெப்பக் கடத்தல் அதில் சேரவில்லை. அதுவும் படலத்தின் தளத்தினூடே, மின்சாரம் ஓடும் அதே திசையில் அளந்த வெப்பக் கடத்தலாக இருக்க வேண்டும். மெல்லிய படலத்தில் அதை அளப்பது கடினம். குழாய்கள் தளத்தில் படுத்திருப்பதால் அத்திசையில் வெப்பமும் கூடுதலாகவே ஓடும். குறுக்கே அளந்த சிறிய எண்ணை எடுத்து நெடுக்கே அளந்த பெரிய எண்ணோடு சேர்த்துக் கணக்கிட்டால் தகுதி எண் அழகாகத்தான் வரும்!

இன்னொரு முன்னேற்றம் குழாய்களைத் தரம் பிரிப்பதில் வந்தது. உண்டாகும் குழாய்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உலோகத் தன்மையுடையவை, மீதி குறைகடத்திகள். பாய் எந்தச் சாய்வில் சுருண்டது என்பதைப் பொறுத்து இது அமைகிறது. உலோகக் குழாய்கள் மின்னழுத்தத்தைக் கீழே இழுத்துவிடும். சில பாலிமர் இழைகள் குறைகடத்திக் குழாய்களை மட்டும் தேர்ந்து சுற்றிக்கொள்ளும். அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கும் ஆற்றல் ஆய்வகத்தினர் இவ்வழியில் பிரித்தெடுத்த குழாய்களைக் கொண்டு 2016இல் நல்ல முன்னேற்றம் காட்டினர். இங்கே பாலிமர் கலவைப் பொருள் மட்டுமன்று. கலவையைப் பிரிக்கும் சல்லடையும் ஆகிறது.

உப்பு செய்த உதவி

மின்னாக்கிக்கு நேர்வகையும் எதிர்வகையும் ஆகிய இரண்டு கால்களும் வேண்டும் என்றோம். கார்பன் நுண்குழாய் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டு தானாகவே நேர்வகை ஆகிவிடும். ஆக்சிஜனை நீக்கினால் மின்னழுத்தத்தின் குறியே மாறுவதை 2000ஆம் ஆண்டிலேயே கண்டனர். எதிர்வகையாக்க எலெக்ட்ரானை ஈயும் பொருள்களைச் சேர்க்கலாம். ஆனால் காற்று பட்டதும் அவை தம் எலெக்ட்ரானை ஆக்சிஜனிடம் கொடுத்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

ஜப்பானின் நாரா அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தின் நோனோகுச்சி குழுவினர் 2016இல் ஓர் எளிய வழி கண்டனர். சோடியம், பொட்டாசியம் போன்றவற்றின் சாதாரண உப்புகளையும், அவற்றின் நேர் அயனிகளை மகுடம் போலச் சூழ்ந்து பிடிக்கும் 'கிரீடம்' என்ற வகைக் கரிமச் சேர்மத்தையும் சேர்த்தனர். பிடிபட்ட பெரிய நேர் அயனி, குழாயின் மேல் உள்ள எலெக்ட்ரானுக்குத் துணையாக நின்று அதைக் காக்கிறது. 100 டிகிரி வெப்பத்தில், காற்றிலேயே, பல நூறு மணி நேரம் இப்பொருள் எதிர்வகையாகவே நீடித்தது. பெரிய தகுதி எண்களைவிட இத்தகைய கண்டுபிடிப்புகளே தொழிற்சாலைக்கு நெருக்கமானவை என்பது என் கருத்து.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மீண்டும் புதுவாயல் பக்கம் வருவோம். உலையின் 1,100 டிகிரிக்கு இப்பொருள் ஆகாது; பாலிமர் 200 டிகிரியை ஒட்டியே சிதையத் தொடங்கிவிடும். அதற்கு உகந்த இடம் கை வைத்தால் சுடும், ஆனால் எரியாத பரப்புகள்: வெந்நீர்க் குழாய், மோட்டார் உறை, கழிவுநீர்த் தொட்டிச் சுவர்.

80 டிகிரியில் ஒரு குழாய். சுற்றிலும் 35 டிகிரியில் காற்று. வேறுபாடு 45 டிகிரி. அசையாத காற்றில் இத்தகைய பரப்பு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு சுமார் 10 வாட் வெப்பத்தை இழக்கும். ஆக 450 வாட் வீணாகிறது. நம் கலவையைப் போர்த்தினால், வேறுபாடு முழுவதும் அதற்குக் கிடைக்காது. ஒரு பங்கைக் காற்றே வைத்துக்கொள்ளும். மிகுதியான மின்சாரம் பெற இரண்டும் சரிபாதி பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கலவைக்கு 22.5 டிகிரி; அதன் வழியே செல்லும் வெப்பம் 225 வாட். தகுதி எண்ணைத் தாராளமாக 0.1 என்றே வைத்துக்கொள்வோம். 22.5 டிகிரி இறக்கத்தில் எந்தப் பூரணமான இயந்திரமும் நூற்றுக்கு ஆறரைக்கு மேல் தராது. இக்கலவை அதிலும் நாற்பதில் ஒரு பங்கே தரும். கிடைப்பது சதுர மீட்டருக்கு 0.36 வாட். ஒரு சிறு எல்.இ.டி. விளக்கு மங்கலாக எரியும். தகுதி எண் 1 உடைய பொருளானாலும் இரண்டரை வாட்தான்.

இன்னும் ஒரு சிக்கல். சரிபாதிப் பங்கீடு நிகழ, கலவை எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும்? வெப்பக் கடத்து திறன் 0.3 என்றால், 10ஆல் வகுக்க, 3 சென்டிமீட்டர்! ஒரு மைக்ரான் படலத்தைக் குழாயில் ஒட்டினால் அதன் இரு பக்கமும் ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். எனவே படலத்தை மடித்து, சுருட்டி, வெப்பம் அதன் நீளவாக்கில் ஓடுமாறு நிறுத்த வேண்டும். அப்போது படலத்தைத் தாங்கும் வெறும் பிளாஸ்டிக் தாள் வழியே ஓடும் வெப்பமும் நட்டக் கணக்கில் சேரும். நூலில் கலவையைப் பூசித் துணியாக நெய்வது, நுரை போல ஊதித் தடிப்பாக்குவது என இன்றைய முயற்சிகள் பல இத்தடிப்பைத் தேடியே நடக்கின்றன.

ஆகவே ரோலிங் மில்லின் மின்கட்டணத்தை இக்கலவை குறைக்கும் என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். குழாய்க்கு நல்ல வெப்பக்காப்பு உறை போடுவதும், புகைபோக்கி வெப்பத்தால் உலைக்குச் செல்லும் காற்றை முன்கூட்டியே சூடேற்றுவதும் இதைப்போல் பல நூறு மடங்கு பயன் தரும். முதலில் செய்ய வேண்டியவை அவையே.

பிறகு இதனால் என்ன பயன்? 0.36 வாட்டை வேறு கண்ணால் பாருங்கள். ஒரு பரப்பின் வெப்பநிலையை அளந்து சில நிமிடங்களுக்கு ஒருமுறை கம்பியில்லாமல் செய்தி அனுப்பும் சிறு உணர்கருவிக்குச் சராசரியாக ஒரு மில்லிவாட் கூடத் தேவைப்படாது. மேற்கண்ட கணக்கின்படி அதற்கு 28 சதுர சென்டிமீட்டர் போதும். இழப்புகளையெல்லாம் கழித்தாலும் ஓர் உள்ளங்கை அகலம் தாராளம். ஒரு மில்லில் தாங்கிகளும் மோட்டார்களும் கேபிள் இணைப்புகளும் நூற்றுக்கணக்கில் உள்ளன. இவற்றில் ஒன்று அளவுக்கு மீறிச் சூடாவது விபத்தின் முதல் அறிகுறி. எல்லாவற்றுக்கும் கம்பி இழுப்பது செலவு. பாட்டரி வைத்தால் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் சூட்டில் விரைவில் பாழாகும். பொருள் சூடாவதையே உணவாகக் கொண்டு, சூடாகிறது என்று சொல்லும் காவலாள் ஒருவன் கிடைத்தால் அங்கே நிற்கும் தொழிலாளிக்கு அது சிறிய உதவி அன்று. வளையக்கூடிய, டெல்லூரியம் இல்லாத, பெயிண்ட் போலப் பூசத்தக்க பொருள் தன் இடத்தைப் பெறப்போவது இங்கேதான்.

அதற்கு முன் தீர வேண்டியவை உண்டு. உலோகக் கம்பியும் கலவையும் சேரும் இடத்தின் மின்தடை சிறு மின்னழுத்தத்தில் பெரும்பங்கை விழுங்கிவிடும். ஒரே தரமான குழாய்களை மலிவாகப் பெறுவதும் எளிதாகவில்லை. எல்லாவற்றிலும் நம் பக்கத்திற்கே உரிய சிக்கல் ஈரம். பழவேற்காடு ஏரியும் கடலும் அருகிருக்க, இவ்வட்டாரக் காற்று ஆண்டில் பெரும்பகுதி ஈரமாகவே இருக்கும். பெடாட் கலவை ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறினால் அதிலுள்ள அயனிகளும் வெப்பத்தால் நகர்ந்து, அளவுகருவியில் பெரிய மின்னழுத்தத்தைக் காட்டும். அது நிலைத்த மின்னோட்டம் தராது. அயனிகள் மறுமுனையில் குவிந்ததும் ஓய்ந்துவிடும். ஈரக் காற்றில் அளந்த எண் சில வேளைகளில் பன்மடங்கு பெரிதாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். ஆகையால் இத்தகைய பொருளைப் பற்றிய அறிக்கையைப் படிக்கும் மாணவர், தகுதி எண்ணைப் பார்த்தவுடன், எந்தத் திசையில் அளந்தார்கள், எத்தனை நாள் வைத்து அளந்தார்கள், அப்போது காற்றில் ஈரம் எவ்வளவு இருந்தது என்ற மூன்றையும் தேடிப் பார்க்க வேண்டும்.